அந்திமந்தாரை ஒருபருவச் செடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற பூச்செடிகளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ என்று வரிசையாக வந்து, கடைசியில் ஒரு மூலையில் அந்திமந்தாரை. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். இந்தப் பூவை யாராவது அச்சில் போட்டு நான் பார்த்து வெகுநாளாகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். மொத்தம் நான்கு வரி. இது ஒருபருவச் செடி, பூத்து ஓய்ந்ததும் வேரோடு பிடுங்கிவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக விதைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. சந்தோஷம் அதோடு சரி.

நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். தப்பைப் பார்த்தால் கை தானாகச் சிவப்பு மைப் பேனாவைத் தேடும். "பேப்பருக்கும் மார்க் போட உட்கார்ந்தாச்சா?" என்று வீட்டில் கேலி செய்தார்கள். மார்க் போட உட்காரவில்லை. அந்த வரியை நம்பி யாராவது பிடுங்கிவிடப் போகிறார்களே என்ற பதைப்பில்தான் எழுதுகிறேன்.

அந்திமந்தாரை பல்பருவச் செடி. மேலே தெரிகிற தண்டும் இலையும் அதில் பாதிதான். மீதி மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. வெளியே கறுப்பு, கீறினால் உள்ளே வெள்ளை. வயசான செடியில் கிழங்கு முழங்கை கனத்துக்குப் பருத்து, இரண்டு மூன்றாகப் பிரிந்து இறங்கியிருக்கும். தண்ணீர் காட்டாத கோடையில் தண்டு காய்ந்து கணுக் கணுவாகக் கழன்று விழுந்துவிடும். செத்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழட்டும், அதே தூரிலிருந்து தடித்த முளை எட்டிப் பார்க்கும். குளிர் நாடுகளில் கதை வேறு. மண்ணே உறைகிற பனியில் அந்தக் கிழங்கு தாங்காது. அதனால் அங்கே வருஷா வருஷம் விதைக்கிறார்கள். இல்லையென்றால் குளிருக்கு முன்னால் கிழங்கைத் தோண்டி வீட்டுக்குள் வைத்திருந்து பிறகு நடுகிறார்கள். கட்டுரை எழுதியவர் அந்த ஊர்க் குறிப்பை எங்கேயோ படித்து அப்படியே இங்கே இறக்கிவிட்டார் போலிருக்கிறது. எங்கள் பள்ளத்தூரில் மார்கழிக் குளிர் என்பது தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்துபோகிற சமாச்சாரம்.

எனக்கு இந்தச் செடி பழக்கமானது ஒரு செட்டியார் வீட்டுக் கிணற்றடியில். என் அப்பா அந்த வீட்டில் கணக்குப்பிள்ளை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்து கால் ஓய்ந்தபிறகுதான் கிணறும் தோட்டமும் வரும். முன்பக்கம் பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும். பின்பக்கம் நாங்களும் அந்திமந்தாரையும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக ஓடி வாழைக்குப் போகும். அந்த வாய்க்காலின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு அடர்ந்து நிற்கும். ஒரு பக்கம் அடர்ந்த ரோஜா நிறம், எதிர்ப்பக்கம் மஞ்சள், நடுவில் இரண்டும் கலந்து வரிவரியாகத் தெளித்த மாதிரி சில பூக்கள். ஒரே செடியில் இரண்டு மூன்று விதமாகப் பூத்திருப்பதும் உண்டு.

அதை யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டு எஜமானி ஆச்சி 1948-இல் கல்யாணமாகி அங்கே வந்தபோதே இருந்ததாம். தன் மாமியாரிடம் கேட்டதற்கு, "நான் வந்தப்பவும் இருந்துச்சு" என்றாராம். ஒருபருவச் செடிக்கு இப்படி ஒரு மாமியார் மருமகள் கணக்கு உண்டா? விதை விழுந்தும் முளைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். முளைக்கும்தான். ஆனால் கிணற்றுத் தொட்டி ஓரத்துக் கல் இடுக்கில் ஒரு தூர் இருந்தது. நான் பாவாடை கட்டின காலத்திலிருந்து வேலைக்குப் போகிற வரைக்கும் அதே இடுக்கிலிருந்து அதே மஞ்சள் பூ. கல்லே அதனால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

வளவில் பெரிய சுவர்க் கடிகாரம் உண்டு. ஆனால் பின்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அந்திமந்தாரைதான் கடிகாரம். நாலரை, ஐந்துக்குள் முறுக்கிக்கொண்டிருக்கிற மொட்டு நெகிழும். "பூ விரிஞ்சிருச்சு ஆத்தா, விளக்கைத் துடைச்சு வை" என்று ஆச்சி குரல் வரும். மேகம் மூடிய நாளில் நேரத்தோடு விரிந்துவிடும். அன்றைக்கு எல்லோருக்கும் வேலையும் நேரத்தோடு முடியும். ஆச்சிக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பூ துவண்டு மூடிக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஒரே ராத்திரிதான் ஆயுசு. அதனால்தான் சந்தையில் இதற்கு விலை கிடையாது. மல்லிகை மாதிரி மூட்டை கட்டி மதுரைக்கு அனுப்ப முடியாது, விடிகாலைப் பூஜைக்குப் பறித்து வைக்கவும் ஆகாது. சாயங்காலம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஆகிற பூ. நாங்கள் அந்த நீளக் குழல்களை ஒன்றோடொன்று சடை மாதிரி பின்னி, நாரே இல்லாமல் சரம் செய்து தலையில் வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு அது பிடிக்காது. மறுநாள் காலையில் தலையெல்லாம் சக்கை ஒட்டிக்கொண்டிருக்கும்.

பூவுக்கு ஏன் இவ்வளவு நீளக் குழல் என்று எனக்குப் புரிந்தது ஒரு மின்வெட்டு ராத்திரியில். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். புழுக்கம் தாங்காமல் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வாசனை நன்றாகத் தூக்கியிருந்தது. காதருகே விர்ரென்று ஒரு சத்தம். தேன்சிட்டு ராத்திரியில் எங்கே வந்தது என்று திரும்பினால், கட்டை விரல் தடிமனுக்கு ஓர் அந்துப்பூச்சி. பூவில் உட்காரவில்லை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டே, சுருட்டி வைத்திருந்த நாக்கை நூல் மாதிரி நீட்டிக் குழலுக்குள் விட்டது. இறக்கை அடிப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. பூ மட்டும் நடுங்கியது. ஒரு பூ, அடுத்த பூ, அதற்கடுத்த பூ, பிறகு சுவரைத் தாண்டிப் போய்விட்டது. இந்த வகைக்குப் பருந்து அந்துப்பூச்சி என்று பெயர். அந்தக் குழலின் அடியில் இருக்கிற தேன் இதற்கு எட்டுகிற அளவு மற்ற பூச்சிகளுக்கு எட்டாது. புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்த பாடம்தான். கல்லில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் மனசில் ஏறியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியை புத்தி. அந்திமந்தாரைக்கு அல்லிவட்டமே, அதாவது இதழ் வட்டமே, கிடையாது. இதழ் என்று நாம் நினைக்கிற நிறமான பகுதி உண்மையில் புல்லிவட்டம், மற்ற பூக்களில் இதழுக்கு வெளியே பெரும்பாலும் பச்சையாக இருக்கிற உறை. அடியில் பச்சையாக ஐந்து பிரிவாக இருப்பதைத்தான் புல்லி என்று நினைப்போம். அது பூவடிச் செதில். பரீட்சையில் இதைக் கேட்டால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கவிழ்ந்துவிடுவார்கள். மதில்மேல் ஏற்றுகிற காகிதப்பூவும், நம் வயல் வரப்பில் கிடக்கிற மூக்கிரட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பெயரில் மந்தாரை இருந்தாலும் மந்தாரை மரத்துக்கும் இதற்கும் உறவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று ஒரு பாடம் வரும். சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் பிள்ளை ரோஜா நிறம். அந்த ரோஜாவைத் தன்னோடு சேர்த்தால் பேரப்பிள்ளைகளில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு ரோஜா, ஒரு பங்கு வெள்ளை. இதற்கு உதாரணமே அந்திமந்தாரைதான். ஒரு வருஷம், "இந்தச் செடியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். நாற்பது பேரில் ஒரு கைகூட எழவில்லை. பாடம் மனப்பாடம், செடி தெரியாது. மறுநாள் ஆச்சி வீட்டுக்குப் போய் ஈரத்துணியில் சுற்றி ஒரு கொத்து கொண்டுவந்தேன். காலை நேரம், பூவெல்லாம் மூடிக் கிடந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சரி, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வரைக்கும் பொறுங்கள் என்று தண்ணீரில் போட்டு மேசையில் வைத்தேன். ஐந்து மணிக்கு மொட்டுகள் விரிய ஆரம்பித்தபோது கடைசி பெஞ்சுக்காரர்கள்தான் முதலில் எழுந்து வந்தார்கள்.

அந்தச் செடியில் ஒரு ஜெர்மன்காரர் வாழ்க்கையே கழித்திருக்கிறார் என்று அப்போது சொன்னேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் கார்ல் காரன்ஸ் சாதாரண ஆள் இல்லை. மெண்டல் கண்டுபிடித்து யாரும் கவனிக்காமல் கிடந்த மரபு விதிகளை 1900-இல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவர். அந்திமந்தாரையில் இலை பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிற ஒரு வகை உண்டு. அதே செடியில் முழுப் பச்சைக் கிளையும் இருக்கும், முழு வெள்ளைக் கிளையும் இருக்கும். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் சரி, விதை பச்சைக் கிளையில் பிடித்தால் பிள்ளை பச்சை, வெள்ளைக் கிளையில் பிடித்தால் பிள்ளை வெள்ளை. அந்த வெள்ளைப் பிள்ளை பச்சையம் இல்லாமல் சீக்கிரமே செத்துப்போகும். ஆக, இந்த விஷயத்தில் அப்பா சொத்து ஒன்றுமில்லை, எல்லாம் அம்மா வழி. இதை அவர் 1909-இல் எழுதினார். இலை செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கிற பசுங்கணிகம் என்ற நுண்ணுறுப்பு தாய் வழியாக வருகிறது என்பதுதான் சங்கதி. செல்லின் உட்கருவுக்கு வெளியிலும் மரபு கடத்தப்படுகிறது என்று உலகத்துக்குக் காட்டியதில் நம் கிணற்றடிச் செடிக்கும் பங்கு உண்டு.

நம் கிணற்றடிச் செடி என்று எழுதிவிட்டேன். பிறப்பால் இது தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம். ஆங்கிலத்தில் பெரு நாட்டின் அதிசயம் என்று இதற்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது; தாவரவியல் பெயரில் இருக்கிற மிராபிலிஸ் என்பதற்கும் அதிசயம் என்றுதான் பொருள். வெளிநாட்டுச் செடி எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மிளகாயும் நிலக்கடலையும் பப்பாளியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். கப்பலில் வந்த சாமான்களை வைத்து வீடு கட்டின ஊரில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வந்த ஒரு பூவை மட்டும் நான் எப்படி வெளியே போகச் சொல்வேன்? ஆனால் ஒன்று, வேலி தாண்டி வாய்க்கால் ஓரம் முளைத்தால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். விட்டால் பரவும். அதை மறைக்கக் கூடாது.

உங்கள் கட்டுரையில் இல்லாத முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதன் விதை அச்சு அசல் மிளகு மாதிரி இருக்கும். விதையும் கிழங்கும் விஷம். தின்றால் வாந்தி, வயிற்றுவலி, பேதி என்று படுத்திவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லாமல் செடியை மட்டும் சிபாரிசு செய்யலாமா?

எனக்கு ஆறு வயசு இருக்கும். நாங்கள் விதை பொறுக்குவது பவுடர் செய்ய. நன்றாக முற்றின கறுப்பு விதையை உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு இருக்கும். அதைக் கன்னத்தில் பூசிக்கொண்டால் நாங்கள்தான் சினிமாக்காரிகள். அன்றைக்கு ஒரு சிரட்டை நிறையப் பொறுக்கிவிட்டேன். பக்கத்தில் ஆச்சி முறத்தில் மிளகு காயப் போட்டிருந்தார், ஓர் உழக்கு இருக்கும். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். சிரட்டையை முறத்தின் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள் சிரட்டை கவிழ்ந்துவிட்டது. ஆறு வயசு மூளை என்ன செய்யும்? கையால் நிரவிவிட்டு வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் அடுப்படியில் மிளகு பொடிக்க உரலில் போட்டு இரண்டு குத்துக் குத்தியதும், வெள்ளை மாவு தெறிப்பதைப் பார்த்து ஆச்சி உலக்கையை நிறுத்திவிட்டார். மோந்து பார்த்தார். என் பக்கம் திரும்பினார். அடிக்கவில்லை. பொடித்ததைக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். மீதி மிளகை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, "பொறுக்கு ஆத்தா" என்றார். கணக்கு எழுதுவதை விட்டுவிட்டு அப்பாவும் என்னோடு உட்கார்ந்தார். அன்று மத்தியானம் கற்றுக்கொண்டது இன்றும் மறக்கவில்லை: மிளகின் சுருக்கம் வலை பின்னின மாதிரி இருக்கும், இதில் மேலிருந்து கீழாக ஐந்து வரம்பு ஓடும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் நீளவாட்டம். முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. பல்லில் கடித்துப் பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். பொறுக்கி முடித்தபோது வாய்க்கால் ஓரம் பூ விரிந்துவிட்டது.

கடைசியாக, இந்தக் கடிதம் எழுத வைத்த இன்னொரு காரணம். ஆச்சி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வீடு பங்காளிகள் பலருக்குப் பொது. முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் தங்குகிற மாதிரி மாற்றிக் கட்ட யாருக்கோ விட்டார்கள். நல்லதுதான். பூட்டிக் கிடந்து ஓடு சரிந்து போன வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ. முன்பக்கத்தைப் பொன்னைப் போலப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பெயர்ந்த இடத்துக்கு ஆத்தங்குடிக் கல் தேடிப் பிடித்து ஒட்டினார்கள். பின்பக்கத்தில் ஜேசிபி இறங்கியது. அது வைகாசி, செடியெல்லாம் காய்ந்து கருகிக் கிடந்த நேரம். "ஒண்ணுமே இல்லம்மா, வெறும் குப்பை" என்றார் மேஸ்திரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேலே பார்த்தால் வெறும் குப்பைதான். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி இடத்தில் பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். மண் குவியலில் கறுப்பாகக் கிழங்குகள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. நான்கு கிழங்கை ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்து வந்தேன். பை கைப்பிடி அறுந்துவிடும் போலக் கனம்.

பாசத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அன்றைக்கே நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஆழமாக வெட்டுப்பட்ட இரண்டும் பத்தே நாளில் அழுகிவிட்டன. மற்ற இரண்டையும் பயந்துபோய்த் தோண்டி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, காயம் ஆறியபிறகு சாம்பல் தடவி, கிழங்கின் தலை மட்டும் மண்ணுக்கு ஒட்டினாற்போல இருக்கும்படி நட்டேன். அப்புறம் தண்ணீரே காட்டவில்லை. ஆவணியில் ஒரு கோடை மழை மாதிரி அடித்துப் பெய்தது. இருபதாம் நாள் முளை. ஒன்று மஞ்சள், தொட்டி ஓரத்துத் தூராக இருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். செம்மண்ணோ சரளையோ இதற்குக் கவலையில்லை, உரம் கேட்காது. அரை நாள் வெயிலும் பாத்திரம் கழுவின தண்ணீரும் போதும். கிழங்கு கிடைக்காதவர்கள் விதையை ராத்திரி ஊறவைத்துப் போடலாம், அந்த வருஷமே பூத்துவிடும். கிழங்கு தடிப்பதற்குத்தான் வருஷங்கள் ஆகும்.

ஆகவே தயவுசெய்து அடுத்த ஞாயிறு இணைப்பில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். ஒன்று, பிடுங்க வேண்டாம், காய்ந்தால் தரையோடு வெட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்கவும். இரண்டு, விதையும் கிழங்கும் விஷம், பிள்ளைகளுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளவும். பழைய வீடுகளை எடுத்துக் கட்டுகிறவர்கள் கண்ணில் இது பட்டால், பின்கட்டில் கல் பதிக்கிற வேலையை ஒரே ஒரு மழை முடிகிறவரை தள்ளிப் போடச் சொல்லுங்கள். கீழே என்ன இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளில் மடித்துப் பன்னிரண்டு விதை வைத்திருக்கிறேன், உங்கள் அலுவலக வாசலில் போட. உங்கள் கேன்டீன் பக்கம் மட்டும் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.